வலது இருக்கைக்குப் போகிறேன்

அல்மாடா,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள மஃபால்டா,

ஹனோயில் நீ சுகம்தானே, மாடியில் வளர்க்கும் மிளகாய்ச் செடிகளும் சுகம்தானே. இங்கே நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் படி ஏறும்போது மக்கர் பண்ணுகிறது, டாக்டர் நடக்கச் சொன்னார், இவள் பேக்கரி வரை நடந்து, அங்கேயே உட்கார்ந்து இரண்டு முட்டைக் கிரீம் பன்னை உள்ளே தள்ளிவிட்டு வருகிறாள், கேட்டால் நடந்தேனே என்கிறாள். இந்த வருஷம் மத்தி மீன் கொழுத்து வந்திருக்கிறது, பால்கனியில் சுட்டால் பக்கத்து வீட்டுக்காரர் படாரென்று ஜன்னலைச் சாத்துகிறார், கொஞ்சம் கொடுத்தனுப்பினால் திறக்கிறார்.

நீ போனில் கேட்டதற்கு வருகிறேன். கம்பெனி சொன்னது இதுதான், ஒன்று, எங்களில் நாற்பது கேப்டன்கள் மூன்று வருஷத்துக்கு இடது இருக்கையை விட்டு வலது இருக்கைக்குப் போய்த் துணை விமானியாக, துணை விமானியின் சம்பளத்துக்கு ஓட்ட வேண்டும், இல்லையென்றால் கடைசியாகச் சேர்ந்த நாற்பது பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் உன்னை அனுப்பியபோது வைத்த அதே பேரம், புதுச் சட்டை போட்டு வந்திருக்கிறது. நீ எதையும் விட்டுக்கொடுக்காதே அப்பா, ஒரு தடவை கொடுத்தால் பழகிப்போய்விடும் என்றாய். நீ சொன்னதில் தப்பில்லை. அந்த நாற்பது கேப்டன்களில் நானும் ஒருவன், எனக்கு ஓய்வுக்கு இருப்பதே நான்கு வருஷம், அதில் மூன்று போனால் மிச்சம் என்ன என்று நானும் பல நாள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

வியாழக்கிழமை சங்கத்தில் ஓட்டு நடந்தது. நம் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, யாரும் சொல்லாமலே பணிமூப்பு வரிசையில் உட்காருவோம், மூத்தவர்கள் முன்னால், பொடிசுகள் கதவோரம், ஓட்டுப் போடவும் ஒன்றாம் எண்ணிலிருந்துதான் கூப்பிடுவார்கள். நான் எழுந்து இந்தத் தடவை கடைசி எண்ணிலிருந்து கூப்பிடுங்கள் என்றேன். சங்கத் தலைவர் அன்செல்மோ, ஏம்பா ஃபவுஸ்தோ, இனிமே வண்டியையும் வாலைப் பிடிச்சுத்தான் ஓட்டப்போறியா என்றார், ஹாலே சிரித்தது. போகப்போறது அவங்க, அவங்க முகத்தைப் பாத்துட்டு நாம போடுவோம், அதுல உங்களுக்கு என்ன கஷ்டம் என்றேன். அன்செல்மோ பட்டியலின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். முதலில் வந்தவன் தெல்மோ என்ற பையன், இருபத்தாறு வயது, ஓட்டுச்சீட்டை மடித்துப் பிரித்துத் திரும்ப மடித்துப் போட்டான், போகிற வழியில் என்னிடம் நீங்க எங்களுக்காக இறங்க வேணாம் சார் என்றான், முட்டாள். கேப்டன்கள் இறங்குவது என்ற தீர்மானம் இருபத்திரண்டு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. ஒன்றாம் தேதியிலிருந்து தோளில் நான்கு கோட்டுக்குப் பதில் மூன்று கோடு, வலது பக்கம்.

இதைக் கேட்டு என்னைப் பெரிய மனுஷன் என்று நினைத்துவிடாதே, அதற்காகத்தான் இந்தக் கடிதமே. ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் எப்படிப் போட்டேன் என்று நீ கேட்டதே இல்லை, உங்களுக்காகத்தான் போட்டிருப்பேன் என்று நீயாகவே நம்பிக்கொண்டாய், நானும் உன்னைத் திருத்தவில்லை. நான் எதிர்த்துப் போட்டேன் மஃபால்டா. பத்தொன்பது வருஷம் காத்திருந்து கேப்டனாகிப் பதினோரு மாதம்தான் ஆகியிருந்தது. முந்தின நாள் பணிமூப்புப் பட்டியலை எடுத்து விரல் வைத்து எண்ணினேன், வெட்டுகிற கோடு உனக்கு எட்டுப் பேருக்குக் கீழே விழுந்தது, நீ தப்பித்தாய் என்று நிம்மதியாகச் சீட்டைப் போட்டேன். கீழே பிரசவ விடுப்பிலும் மருத்துவ விடுப்பிலும் இருந்தவர்களைச் சட்டப்படி தொடக்கூடாது என்பது என் மண்டையில் ஏறவில்லை. அவர்களைத் தாண்டிக் கோடு மேலே ஏறி உன்னையும் பிடித்தது. பதினோரு ஓட்டு வித்தியாசத்தில் தோற்றீர்கள், என் ஒரு ஓட்டால் இல்லை என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துத்தான் போட்டேன் என்பது சமாதானமே இல்லை, மற்ற வீட்டுப் பிள்ளைகள் போகட்டும் என்று நினைத்தேன் என்றுதானே அதற்கு அர்த்தம்.

இன்று சாப்பாட்டு மேஜையில் அம்மாவிடம் சொன்னேன். அவள் என் தட்டை எடுத்து அடுப்பு மேல் வைத்து மூடிவிட்டு, முதல்ல அவளுக்கு எழுது, அப்புறம் வந்து சாப்பிடு என்றாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே எவ்வளவு நெருக்கினாலும் காய்ச்சலோடு பறக்காதே, ஓய்வு நாளைக் கேட்டு வாங்கு. மாதா உன் கூடவே இருக்கட்டும், நீ ஏறுகிற ஒவ்வொரு விமானமும் பத்திரமாக இறங்கட்டும். நீ பதில் எழுதாவிட்டாலும் நான் புரிந்துகொள்வேன் என்று முடிக்கத்தான் நினைத்தேன். அது பொய். திட்டியாவது எழுது.

உன் அப்பா,
ஃபவுஸ்தோ