ஆறாவது ஓட்டை

அன்பு மகள் ஜோலினுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அப்பாவின் இடது முழங்கால் மட்டும் மழை வரப்போவதை வானொலிக்கு முன்பே சொல்லிவிடுகிறது. நீயும் அந்த ஆட்டுப் பண்ணைகளுக்கு நடுவே நேரத்துக்குச் சாப்பிட்டு, ஈரக் காலுறையோடு தூங்கிப்போகாமல், சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை ஒரு பழைய கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நீ நியூசிலாந்துக்குக் கிளம்பிய அன்று விமான நிலையத்தில் பெட்டியைத் தள்ளிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "நான் அஞ்சுதான் சுட்டேன்னு நீயாவது நம்புறியாம்மா?" என்று கேட்டாய். நம்புகிறேன் என்றேன். நீ தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாய். வாழ்நாளெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான், விடை சரி என்று வாயால் சொல்வது வேறு, கரும்பலகையில் போட்டுக் காட்டுவது வேறு என்று எனக்குத் தெரியாதா. இப்போது போனில் இன்னொரு கேள்வி கேட்டிருக்கிறாய், மறுபடி ஒரு துப்பாக்கி கட்டலாமென்று இருக்கிறேன், எந்தத் தோட்டாவை எடுக்கட்டும், பித்தளை உறைக்கு என்ன செய்யட்டும் என்று. அதைக் கேட்டதும் அடுப்பில் சூப் இருக்கிறது என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். இரண்டு கேள்விக்கும் சேர்த்து இதோ பதில்.

அன்றைக்குச் சுடும் போட்டியில் என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியும், ஆனாலும் நான் நின்ற இடத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். நான் மதிப்பெண் கொட்டகையில் இலக்கு அட்டைகளை ஊசி குத்தி மாட்டிக்கொண்டிருந்தேன். நீயும் எல்வுட் ஷ்ரெக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. எல்வுட் எனக்கும் அப்பாவுக்கும் மூத்தவன், அவர் என்று எழுதத்தான் வேண்டும், கை வரவில்லை, அவன் என்றே எழுதுகிறேன், நீயும் பொறுத்துக்கொள். ஆயிரம் கெஜத்துக்கு அப்பாலிருந்து அட்டைகள் வண்டியில் வந்தபோது உன்னுடையதில் ஆறு ஓட்டை, அவனுடையதில் நான்கு. ஆளுக்கு ஐந்து. அவன் குண்டு ஒன்று உன் அட்டைக்குப் போயிருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அடுத்தவர் அட்டையில் சுட்டாலோ ஐந்துக்கு மேல் சுட்டாலோ அந்த வருஷத்துப் புள்ளிகள் அத்தனையும் போய்விடும், அவனுக்குக் கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, பின்னாலேயே நீ வந்துகொண்டிருந்தாய். சட்டைப் பையிலிருந்து ஒரு முழுத் தோட்டாவை எடுத்துத் தூக்கிக் காட்டினான். "என் அஞ்சாவது வெடிக்கவே இல்லப்பா, இதோ இருக்கு. பாவம், சின்னப் பொண்ணு, பதட்டத்துல ஒண்ணு கூடப் போட்டிருக்கும்" என்றான். உன் மேசையில் காலி உறைகளை எண்ணிப் பார்க்கலாம் என்றால், போட்டிக்கு முன் பதம் பார்க்கச் சுட்ட உறைகளும் அதோடு கலந்து கிடந்தன. ஓட்டையைப் பார்த்துச் சொல்லலாம் என்றால், நீயும் ஆறு மில்லிமீட்டர் குண்டு, அவனும் ஆறு மில்லிமீட்டர் குண்டு, வரிசையில் இருந்த எல்லோருமே ஆறு மில்லிமீட்டர் குண்டு. ஒரே அச்சில் வார்த்த ஆறு ஓட்டைகள். போட்டி நடத்தும் வேர்ன் பிட்னர் என்னிடம் எட்டாம் வகுப்பில் பின்னம் படித்தவன், என் முகத்தைப் பார்க்காமல் உன் பெயரை அடித்தான். உன் புள்ளிகள் அத்தனையும் போயின, கோப்பை அவனுக்குப் போனது.

அதற்குப் பிறகு நீ துப்பாக்கியைத் தொடவில்லை. நான் தொட்டேன். அறுபத்தெட்டு வயதில் உன் அம்மாவுக்குத் திடீரென்று ஏன் இந்த ஆசை என்று நீ சிரித்தாயே, ஆசை ஒன்றும் இல்லை ஜோலின், வஞ்சம். அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் சுடுவதை நினைத்து நினைத்துப் பார்த்தேன். வகுப்பில் சில கெட்டிக்காரப் பையன்கள் இருப்பார்கள், கணக்கை மின்னல் மாதிரி போடுவார்கள், ஆனால் கேள்வியைத் தப்பாகப் படித்திருப்பார்கள். எல்வுட் அந்த ரகம். காற்று மாறுவதற்குள் ஐந்தையும் கொட்டிவிட வேண்டும் என்று தொலைநோக்கியிலிருந்து கண்ணையே எடுக்க மாட்டான். துப்பாக்கி உதைத்துக் கொஞ்சம் விலகி உட்கார்ந்தால் கண்ணாடிக்குள் பக்கத்து அட்டை வந்து நிற்கும், அட்டைகள் எல்லாம் ஒரே மாதிரி, மேலே இருக்கும் எண் பலகை கண்ணாடிக்குள் தெரியாது. மற்றவர்கள் தலையைத் தூக்கி எண்ணைப் பார்த்துக்கொள்வார்கள். அவன் பார்க்க மாட்டான். ஒருமுறை செய்தவன் இன்னொருமுறை செய்வான், அன்றைக்கு நான் பக்கத்து மேசையில் இருக்க வேண்டும், என் ஓட்டை அவன் ஓட்டை மாதிரி இருக்கக் கூடாது. இவ்வளவுதான் என் யோசனை. அதனால்தான் துப்பாக்கிக் குழல் செய்யும் லாமாரின் பட்டறைக்குப் போய், ஆறைவிடப் பருத்த குண்டு போகும் முப்பது காலிபரில் ஒரு குழல் போட்டுக் கொடு என்றேன். லாமார் கடைசல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "டீச்சர், அது மான் சுடுற தோட்டா. ஆயிரம் கெஜத்துல காத்து அதைத் தூக்கிட்டுப் போயிடும். எல்லாரும் ஆறுதானே வச்சிருக்காங்க?" என்றான். அதனால்தான் கேட்கிறேன் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குழலை எடுத்தான்.

வெடிமருந்தும் குண்டும் நாமே நிரப்பிக்கொள்ளும் பித்தளை உறைக்கு நான் அலையவே இல்லை. முப்பதுக்கு உறை இந்த ஊரில் மளிகைக் கடையில்கூடக் கிடைக்கும், மான் பருவம் முடிந்ததும் சுடுமைதானத்துக் குப்பைத் தொட்டியில் அள்ளலாம். நான் புதிதாக வாங்கினேன் என்றாலும் கனமாக ஒன்று, லேசாக ஒன்று, கழுத்து ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து, ஒரே வகுப்பில் எல்லா வயதுப் பிள்ளைகளையும் உட்காரவைத்த மாதிரி இருந்தது. உள்ளிடம் ஒன்றுக்கொன்று மாறினால் ஒரே அளவு மருந்துகூட ஒவ்வொன்றிலும் வேறு வேகம் கொடுக்கும், ஆயிரம் கெஜத்தில் அது மேலும் கீழுமாக ஒரு முழம் காட்டும். காட்டியது. நான் முதல் பருவத்தில் கடைசி, இரண்டாம் பருவத்தில் கடைசிக்கு முந்தி. மேசையில் துப்பாக்கியை வைத்த முதல் நாளே எல்வுட் எட்டிப் பார்த்து, "என்ன டீச்சரம்மா, பீரங்கியோட வந்திருக்கீங்க? அட்டையைச் சுடப்போறீங்களா, மலையையா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மத்தியானம் அவனுக்கு நான்தான் பீன்ஸ் சூப் ஊற்றினேன், பன்றிக்கறித் துண்டு பார்த்துப் போட்டேன். போன வசந்தத்தில் துப்பாக்கியை வைத்துச் சுடும் அவனுடைய முன்தாங்கியின் திருகு உடைந்தது, இங்கே வழக்கம் உனக்குத் தெரியுமே, எதிராளிக்குக்கூட இல்லையென்று சொல்லக் கூடாது. என்னுடைய மாற்றுத் தாங்கியைக் கழற்றி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். "தங்கமான மனசு டீச்சரம்மா உங்களுக்கு" என்றான். அவன் சுடாமல் வீட்டுக்குப் போய்விட்டால் எப்படித் தப்பு செய்வான்?

மேசை எண்ணைக் காப்பி டப்பாவுக்குள் கைவிட்டுத்தான் எடுக்கிறார்கள் இன்றும். இரண்டு பருவமாக டப்பா எனக்கு இரங்கவில்லை, போன சனிக்கிழமை இரங்கியது. அவன் மூன்றாம் மேசை, நான் நான்கு. காற்று தாறுமாறு, கொடிகள் ஒன்று கிழக்கே ஒன்று மேற்கே. நான் என் ஐந்தையும் நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் எண் பலகையைப் பார்த்துச் சுட்டு முடித்து, போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் அவன் தையல் இயந்திரம் மாதிரி அடித்துக்கொண்டிருந்தான். அட்டைகள் வந்தன. என்னுடையதில் ஆறு, அவனுடையதில் நான்கு. ஜோலின், என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை, தேர்வில் நான் நினைத்த கேள்வியே வந்ததுபோல் இருந்தது. அவன் என்ன செய்தான் தெரியுமா? கொஞ்சமும் கூசாமல் அதே சட்டைப் பை, அதே மாதிரி ஒரு தோட்டா. "என் அஞ்சாவது வெடிக்கல. டீச்சரம்மாவுக்கு வயசாச்சு, அஞ்சுக்கு அப்புறம் ஆறுன்னு வாய்ப்பாடு ஓடிருச்சு போல" என்றான். யாரோ சிரித்தார்கள். நான் வேர்னிடம் சொன்னேன், கண்ணு, என் குண்டு ஒண்ணை எடுத்து ஒவ்வொரு ஓட்டையிலயும் வச்சுப் பாரு என்று. வைத்தான். ஐந்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆறாவதில் மூக்கு மட்டும்தான் நுழைந்தது. அட்டையைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்தான், ஐந்து பெரிய வெளிச்சம், ஓரத்தில் ஒரு சின்ன வெளிச்சம். பின்வரிசையிலிருந்து லாமார், "ஏன் எல்வுட், டீச்சர் மடியில இன்னொரு துப்பாக்கி ஒளிச்சு வச்சிருந்தாங்களா?" என்று கேட்டான். இப்போது சிரிப்பு வேறு பக்கம் திரும்பியது.

நான் அதோடு விடவில்லை. தப்பு யாருக்கும் நடக்கும், அதற்காக நான் இத்தனை நாள் காத்திருக்கவில்லை. அந்தத் தோட்டாவைக் கேட்டேன். ஒருவர் நிரப்பிய தோட்டாவை இன்னொருவர் தொடுவது இங்கே மரியாதை இல்லை, அதனால்தான் உன் நாளில் யாரும் அதை வாங்கிப் பார்க்கவில்லை. "நடுவர் பாக்கலாம் இல்லையா வேர்ன்" என்றேன். வேர்ன் கையை நீட்டினான். எல்வுட் முதலில் பையில் போட்டான், பிறகு எல்லோரும் பார்ப்பதைப் பார்த்து எடுத்துக் கொடுத்தான். வெடிக்காமல் போன தோட்டா என்றால் அடியில் தீப்பொறி கொடுக்கும் பிரைமர் மூடியில் துப்பாக்கியின் ஊசி குத்திய பள்ளம் இருக்கும் அல்லவா? பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்தது மாதிரி வழவழவென்று இருந்தது. நான் கேட்டேன், என் பெண்ணோட அட்டைக்கும் இப்படித்தானே ஒரு தோட்டாவைக் காட்டினே எல்வுட், அதுக்காவது பள்ளம் இருந்துச்சா என்று. வேர்ன் அவனுடைய இந்த வருஷப் புள்ளிகளை அடித்தான், அடுத்த மே மாதம் வரை மைதானத்துக்குள் வரக் கூடாது என்றான். எல்வுட் சாமான்களை வண்டியில் ஏற்றும்போது தாங்கி ஒருமுறை கீழே விழுந்தது. யாரும் போய்ப் பிடிக்கவில்லை. எனக்கு இரக்கம் வரும் என்று நினைத்திருப்பாய், எதிர்பார்த்து நானும் காத்திருந்தேன், வரவில்லை. இன்னொரு கிண்ணம் சூப் வாங்கிக் குடித்தேன், அவ்வளவு ருசியாக நான் எதையும் சாப்பிட்டதில்லை. மாதாகோவில் விருந்தில் அவன் மனைவி ஜெனீவா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள், அந்த முதுகையும் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேர்ன் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறான், என் கடிதம் சேரும்வரை வாயைத் திறக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இனி உன் துப்பாக்கி. என்னைப் பார்த்து முப்பது எடுக்காதே. நான் கட்டியது ஒரு மனுஷனுக்காக, நீ இலக்குக்காகக் கட்ட வேண்டும். ஆறு மில்லிமீட்டரையே எடு, முன்பு வைத்திருந்த அதே குட்டித் தோட்டா. உதை குறைவு, அதனால் கண் இலக்கைவிட்டு விலகாது, குண்டு மெலிந்து நீண்டது, காற்றை நன்றாகக் கிழிக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக அதற்கு நல்ல உறை கிடைக்கும். செருப்பை வாங்கிவிட்டுக் காலைத் தேடுகிறவர்கள் மாதிரி, பலர் பெயருக்கு மயங்கிப் புதுத் தோட்டாவில் குழல் போட்டுவிட்டு அப்புறம் உறைக்குக் கடைகடையாக அலைகிறார்கள். நீ உறையை முதலில் வாங்கு. ஒரே நாளில் ஒரே அச்சில் வந்ததா என்று பெட்டியின் மேலிருக்கும் எண்ணைப் பார்த்து, ஒரு குழலின் ஆயுசுக்குப் போதுமான அளவு சேர்த்து வாங்கு. எடை பார், கூட்டத்தோடு சேராததை ஒதுக்கிவிடு, அது பழக்கத்துக்கு ஆகும். உறை உன் கையில், குழல் இங்கே. தோட்டா உட்காரும் அறையை அந்த உறையின் கழுத்துக்குத் தக்கபடி குடைந்து தரக் காத்திருக்கிறேன் என்று லாமார் சொல்கிறான், குழலுக்கு எஃகு எடுத்து வைத்துவிட்டான். மே மாதத்தில் எல்வுட்டின் தடை முடிகிறது, அவன் வருவான், சும்மா இருக்கிற ஆள் இல்லை. நீ வர வேண்டும். அவன் பார்த்துக்கொண்டிருக்க, அதே ஆறு மில்லிமீட்டரில், நீ அந்தக் கோப்பையை எடுக்க வேண்டும். நான் பாதிப் பழிதான் வாங்கியிருக்கிறேன், மீதி உன்னுடையது.

அப்பா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார், முழங்காலைப் பற்றி எழுத வேண்டாம் என்றும் சொன்னார், எழுதிவிட்டேன். குளிர்காலச் சட்டையை வெயில் வந்துவிட்டதென்று உள்ளே வைத்துவிடாதே. நீ எங்கே இருந்தாலும் கடவுள் உன் கையை நிதானமாகவும் கண்ணைத் தெளிவாகவும் வைக்கட்டும். வருகிறேன், வரவில்லை என்றெல்லாம் எனக்கு நீளமாக எழுத வேண்டாம். ஒரு பெட்டி உறை வாங்கி, அதில் ஒன்றின் கழுத்துத் தடிமனை நான்கு பக்கமும் அளந்து பார், நான்கும் ஒத்துப்போனால் அந்த எண்ணை மட்டும் லாமாருக்கு அனுப்பு.

உன் அன்பு அம்மா,
அர்லீன் ஹாஃபர்