சாவி இல்லாத சக்

இன்று காலை இட்லி மாவைக் கரைக்கக் கையை விட்டேன். மாவு புளித்த வாசனைக்கு நடுவே மெஷின் ஆயில் வாசனை வந்தது. நேற்றுச் சாயங்காலம் சீயக்காய்த் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவிய கைதான். நகக்கண்ணில் மிச்சம் இருந்திருக்கிறது. முன்னெல்லாம் நீங்கள் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டால் வருமே, அதே வாசனை. "இந்த நாத்தத்தோட சோத்துக்கு உக்காராதிய" என்று உங்களை எத்தனை முறை குழாயடிக்கு விரட்டியிருப்பேன்! இன்று என் கையே நாறுகிறது, என்னை விரட்ட ஆளில்லை. மாவுக்குள் கையை வைத்தபடியே கொஞ்ச நேரம் அழுதேன்.

நீங்கள் வேலை பார்த்த பஞ்சாலை ஒர்க்‌ஷாப்பில் ஏலத்துக்கு வந்த உலோகத்தைக் குடைகிற அந்தக் குட்டி மில்லிங் மெஷினைக் கைவண்டியில் ஏற்றி நாம் குடியிருக்கும் லேபர் கேம்ப்புக்குக் கொண்டுவந்தீர்களே, அன்று நான் ஆடிய ஆட்டம் நினைவிருக்கிறதா? இருப்பதே ஓர் அறை. "இத எங்க வைக்க? என் தலைமேலயா?" என்று கத்தினேன். நீங்கள் அசரவில்லை. "ஏட்டி, மில்லு எத்தனை நாளைக்குச் சோறு போடும்? தோல்பை தைக்கிறவங்களுக்குப் பித்தளை பக்கிள் வேணும். வீட்டுலயே ஓட்டை போட்டுக் குடுத்தா நமக்குன்னு ஒரு பிழைப்பு" என்றீர்கள்.

அந்த மழைக்காலம் முடியுமுன் உங்கள் வலது கட்டைவிரல் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனது. டம்ளர் நழுவியது. சட்டைப் பித்தான் போட என்னைக் கூப்பிட்டீர்கள். ஆஸ்பத்திரிக்கு என்னை வரவேண்டாம் என்று சொல்லித் தனியாகப் போய்வந்து, "நரம்புத் தளர்ச்சியாம். மாத்திரை தின்னா சரியாயிரும்" என்றீர்கள். மெஷினோடு வந்த பழைய சக்கின் இரும்பு வாய்க்குள் ட்ரில் கம்பியைச் சொருகிவிட்டு, பல் வைத்த ஒரு சின்னச் சாவியால் முறுக்கி இறுக்க வேண்டும். அந்தச் சாவியைப் பிடிக்க உங்கள் விரலுக்குப் பலமில்லை. "சாவியே வேண்டாத சக்கு ஒண்ணு உண்டு. உள்ளங்கையால பிடிச்சுத் திருகினாப் போதும். ஓட்டை போடப் போட அதுவா இறுகிக்கிடும்" என்றீர்கள். எனக்கும் நம்பிக்கை வந்தது. சக்கை மாற்றிவிட்டால் உங்கள் கை வேலைக்குத் திரும்பிவிடும், நம் அடுப்பும் அணையாது என்றுதான் உங்களோடு பழைய சாமான் விற்கிற சோர் பஜாருக்கு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் துணியை விரித்து நாலைந்து சக்குகளை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றின் மூன்று தாடையும் நடுவில் ஒரே புள்ளியில் சேருகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தீர்கள். ட்ரில்லைச் சொருகிச் சுற்றச்சொல்லி, முனை ஆடுகிறதா என்று பார்த்தீர்கள். அதெல்லாம் சரி. அப்புறம் ஒவ்வொன்றையும் என்னிடம் நீட்டினீர்கள். "இறுக்கு. இப்ப இளக்கு." இறுக்குவது எளிது. இளக்கும்போதுதான் பெரியது முரண்டு பிடித்தது. "விடு, அது வேண்டாம்" என்று ஒதுக்கினீர்கள். பிறகு "வழுக்குதா பாரு" என்று என் கையில் எண்ணெய் தடவி மறுபடி திருகச் சொன்னீர்கள்.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "எதுக்கு என்னப் போட்டு இந்தப் பாடு படுத்துதிய? ஓட்டப்போறது நீங்கதானே, உங்க கையால திருகிப் பாருங்க" என்றேன்.

கடைக்காரர் சிரித்தார். "மஷீன் கோன் சலாயேகா பாய், தும் யா பீவி?" ஓட்டப்போவது நீயா, உன் பெண்டாட்டியா என்று வேடிக்கையாகத்தான் கேட்டார். நீங்கள் சிரிக்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. சக்கைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டு, "நாந்தான், பின்ன யாரு" என்று தமிழிலேயே சொன்னீர்கள். அந்த ஆளுக்குத் தமிழ் தெரியாது. எனக்காகச் சொன்னீர்கள்.

அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. மாத்திரையால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் உங்களிடம் எல்லாம் சொல்லிவிட்டார்கள். நீங்கள் சக் தேடியது என் கைக்கு. நான் அழுதால் நீங்கள் அந்தக் கடை வாசலிலேயே நொறுங்கிப்போவீர்கள். அதனால் சண்டை பிடித்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் விலையைக் கேட்டுக் கத்திய கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது. "நல்ல வாய்ட்டி ஒனக்கு" என்று பஸ்ஸில் பெருமையாகச் சொன்னீர்கள். வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் என்று மாட்டுங்காவில் இறங்கும்வரை வாங்கிய சக்கை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே வந்தேன்.

அதற்கப்புறம் நாம் இரண்டு பேரும் போட்ட வேஷம் இருக்கிறதே! "இன்னைக்குக் கை மக்கர் பண்ணுது, நீ ரெண்டு ஓட்டை போடு" என்பீர்கள். மறுநாளும் அதே பேச்சுதான். "சோம்பேறி ஆம்பளையக் கட்டிக்கிட்டு நான் படுத பாடு" என்று புலம்பிக்கொண்டே சக்கைத் திருகுவேன். கட்டிலில் கிடந்தபடி சத்தத்தை வைத்தே "அழுத்தாத, ட்ரில்லு முறியும்" என்பீர்கள். போகப்போக வேலை முழுவதும் என் கைக்கு வந்தது. உங்களால் கையை மடியிலிருந்து தூக்கவே முடியாமல் போனது. அப்போதும் "கை சரியாகட்டும், ஒன்ன அடுப்படிக்கே அனுப்பிருதேன்" என்றீர்கள். நானும் தலையை ஆட்டினேன். ஒரு தடவையாவது கட்டிப்பிடித்து ஒன்றாக அழுதிருக்கலாம். நம் இரண்டு பேருக்குமே அதற்குத் தைரியம் வரவில்லை.

பேச்சு குழற ஆரம்பித்தபின் ஒருநாள் என்னைக் கண்ணால் கிட்டே கூப்பிட்டீர்கள். "சக்கு... ஒன் கைக்கு ஒத்து வருதா?" அதுவரை ஒருநாளும் "ஒன் கைக்கு" என்று நீங்கள் சொன்னதில்லை. ஆமாம் என்றால், போய்வாருங்கள் என்று நானே அனுப்பிவைத்த மாதிரி ஆகிவிடுமே. "எனக்கென்ன தெரியும்? அது உங்க சக்கு. எந்திரிச்சு வந்து நீங்களே பாத்துக்கிடுங்க" என்றேன். சிரித்தீர்கள். அதன்பிறகு உங்களுக்கு வார்த்தை வரவில்லை.

இப்போது பக்கத்து சயானிலிருந்தும் பக்கிள் வேலை வருகிறது. வாடகை பாக்கி நிற்கவில்லை, சோற்றுக்கும் குறைவில்லை. நீங்கள் கேட்டு நான் பதில் சொல்லாமல் விட்டது அந்த ஒன்றுதான். அதைத்தான் நெஞ்சில் சுமந்துகொண்டு திரிகிறேன்.

ஒத்து வருதுங்க. அன்னைக்குக் கடையிலயே ஒத்து வந்துட்டு.