அம்மாவுக்குத் தெரிந்த வீடு

மார்ச் 4, செவ்வாய்

கொத்தனார் வந்து ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் சுவரைத் தட்டிப் பார்த்தார். இடிக்கலாமாம். அறுபது வருடத்துச் சுவர், அரை நாள் வேலை என்கிறார். வீடு முழுக்க ஒரே டைல்ஸ், படிகளை எடுத்துவிட்டுச் சமதளம், புது ஸ்விட்சுகள். எல்லாம் அம்மாவுக்காகத்தான். அவளுக்குக் கண் போய் ஆறு வருடமாகிறது. எங்கே தடுக்கி விழுவாளோ என்று ஆபீஸில் உட்கார்ந்து தினமும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பது நான்தானே.

"அம்மாகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்கக்கா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. "அவங்களுக்கு என்ன தெரியப்போகுது?" என்றேன். பார்வையைத்தான் சொன்னேன். அம்மா பக்கத்து அறையில்தான் இருந்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

தூசி ஆகாது என்று அம்மாவைத் தம்பி வீட்டில் விட்டு வந்தேன். கிளம்பும்போது சுவரைத் தடவிக்கொண்டே மெல்ல வந்தாள். சீக்கிரம் வா, வெயில் ஏறுது என்று விரட்டினேன்.

மார்ச் 12, புதன்

சுவர் போயிற்று. என்ன வெளிச்சம்!

மார்ச் 27, வியாழன்

டைல்ஸ் முடிந்தது. வழுக்காத ரகமாகத் தேடிப் பிடித்தேன். இனிமேல் கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம் என்றார் கொத்தனார். இருவரும் சிரித்தோம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அம்மா வந்தாள். வாசல் தாண்டியதும் கையை நீட்டினாள். சுவர் இல்லை. நீட்டிய கை அப்படியே நின்றது. "நான் எங்கடி நிக்கிறேன்?" ஹாலில்தான் என்றேன். நம்பவில்லை.

நாலு நாளில் பழகிவிடும்.

ஏப்ரல் 10, வியாழன்

எழுதக் கை வரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மா ஹால் நடுவே நிற்கிறாள். துணியெல்லாம் நனைந்திருக்கிறது. குளியலறையைத் தேடியிருக்கிறாள் — எவ்வளவு நேரமோ. முன்பு ஹால் தரை சொரசொரப்பு, சமையலறை வழவழப்பு, குளியலறை வாசலில் ஒரு படி. அந்தப் படி அவளைத் தடுக்கும் என்று நான் நினைத்தேன். அவளுக்கோ அது, வந்து சேர்ந்துவிட்டோம் என்பதற்கு அடையாளம். அறிவு கெட்டவளே, ஆறு வருஷத்துல ஒரு நாள் விழுந்தாளா அவ? ஒரு நாள்?

குளிப்பாட்டி உட்கார வைத்தேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"எனக்கு எல்லாம் தெரிஞ்சுட்டுத்தான் இருந்துச்சு" என்றாள். "இப்பதான்டி ஒண்ணும் தெரியல."

அன்று கொத்தனாரிடம் நான் சொன்னது காதில் விழுந்திருக்கிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

சுவரைத் திரும்ப எழுப்பித் தரச் சொன்னேன். பைத்தியமா என்று கொத்தனார் கேட்கவில்லை, அவ்வளவுதான். கட்டலாம், ஆனால் ஒரு சாண் முன்னே பின்னே வரும் என்றார். அம்மா முகத்தை இடித்துக்கொள்ள ஒரு சாண் போதும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

அம்மா தம்பி வீட்டுக்கே போகிறேன் என்கிறாள். என்மேல் கோபமா என்று கேட்டேன். இல்லையாம்.

"அங்க எனக்குத் தெரியாதுன்னு எனக்கே தெரியும், கேட்டுப்பேன். இங்க தெரிஞ்ச வீடாச்சேன்னு நடந்து நடந்து ஏமாந்து போறேன்."

பையில் அவள் துணிகளை நான்தான் மடித்து வைத்தேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

அழுதேன். வேறொன்றும் இல்லை.

மே 11, ஞாயிறு

மூன்று மாத விடுப்பு வாங்கிவிட்டேன். கூடவே இருந்து, கையைப் பிடித்து, அடி அடியாக வீட்டைப் பழக்கிவிடலாம். அதைச் சொல்லி அம்மாவைக் கூட்டி வரத்தான் இன்று போனேன்.

கதவைத் திறந்த தம்பி மனைவி, சத்தம் போடாதீர்கள் என்று ஜாடை காட்டினாள். அம்மா கட்டிலிலிருந்து எழுந்தாள். பீரோவைத் தொட்டாள், ஜன்னல் கம்பியைத் தொட்டாள், தானாகவே சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. நெற்றியில் ஒரு வடு, முழங்கையில் இரண்டு. மார்ச்சில் இருந்தபோது எங்கே போவதற்கும் கையைப் பிடி என்பாளாம். இந்தத் தடவை வந்த அன்றே, யாரும் என்னைப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

இத்தனை இடிபட்டுப் படித்ததை விட்டுவிட்டு வா என்று எந்த வாயால் கேட்பேன்?

"யாரு வந்திருக்கா?" என்றாள் அம்மா.

"நான்தாம்மா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."