ஆயில் மூடிக்கு அடியில் வெள்ளை

டிசம்பர் 16, செவ்வாய்

பனி. ஏழு மணிக்கும் லாரி யார்டில் டீசல் பங்க் தெரியவில்லை. ஸ்வெட்டர் போடாமல் கிளம்பியதற்கு வீட்டில் ஸ்டெல்லாவிடம் காலையிலேயே திட்டு.

இன்றைய வேலை:
– 3-ஆம் வண்டி, பின் டயர்
– 5, இடது ஹெட்லைட்
– 8, ஆயில் பார்க்க

முதல் இரண்டும் பத்து மணிக்குள் முடிந்தன. எட்டில்தான் வம்பு. ஆயில் மூடியைத் திருகி எடுத்தால் அடியில் வெள்ளையாகக் கெட்டியாக ஏதோ அப்பியிருக்கிறது. பழைய மோரில் ஒதுங்கிய வெண்ணெய் மாதிரி. ஆனால் அளவுக் கம்பியில் ஆயில் கறுப்பாக, நன்றாகத்தான் இருக்கிறது. மேலே வெண்ணெய், கீழே நல்ல ஆயில். என்ன கணக்கு இது?

மெக்கானிக் ஜமால் பாய் விரலால் வழித்து முகர்ந்தார். "ஆயில்ல தண்ணி பூந்துகிது சார். என்ஜின் ஹெட்ட எறக்கணும். நாலு நாள் வண்டி நிக்கும்."

நான்கு நாள் நின்றால் மேனேஜர் என்னையும் நிற்க வைப்பார். (மேனேஜர் இனி மே. முழுதாக எழுதினால் எரிச்சல் வருகிறது.)

எட்டு ஓட்டுவது சாலமன் மச்சான். ஸ்டெல்லாவின் அண்ணன். ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டோடு சும்மா சுற்றிக்கொண்டிருந்த என்னை இந்த யார்டுக்குக் கூட்டி வந்ததே அவர்தான். இன்று நான் சூப்பர்வைசர், அவர் டிரைவர். இரண்டு பேருக்கும் இதில் கொஞ்சம் கூச்சம் உண்டு. அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.


டிசம்பர் 17, புதன்

ஆயில், ஃபில்டர் மாற்றியாயிற்று. ஹெட்டை இறக்க விடவில்லை. பாய்க்கு முகம் சரியில்லை.

ஆயிலையும் தண்ணீரையும் பிரிக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் குறைய வேண்டும். நேற்று அதன் தண்ணீர் டப்பாவில் பேனாவால் கோடு போட்டு வைத்தேன். அதே கோட்டில் நிற்கிறது. குமிழியும் இல்லை. புகையும் இல்லை. அப்புறம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வானத்திலிருந்தா?

பழைய ஆயிலில் கொஞ்சம் பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சூடான தோசைக்கல்லில் ஒரு சொட்டு விட்டால் போதும். தண்ணீர் இருந்தால் வெடிக்கும். வெடித்தது, சடசடவென்று. அதைவிட அதிகமாக ஸ்டெல்லா.

"கல்லு நான் பழக்கி வெச்சது. அதுல லாரி ஆயில ஊத்திகினு கீறியே, உனுக்கு அறிவு கீதா?"

இரவு உப்புமா. தண்ணீர் இருப்பது உறுதி. வழிதான் தெரியவில்லை.


டிசம்பர் 19, வெள்ளி

மறுபடியும் வெள்ளை. புது ஆயில், இரண்டே நாள். மெல்லிசாகத்தான், ஆனால் இருக்கிறது.

எனக்குத் தோன்றியவை:
1. கேஸ்கெட். (தண்ணீர் குறையவில்லையே)
2. ஆயில் கூலர் ஓட்டை. (அதே பதில்)
3. மூடி லூஸ், பனி இறங்குகிறது. (மூடி இறுக்கம்)
4. யாரோ ஊற்றுகிறார்கள்.

நான்காவதை அடித்துவிட்டேன். மதியம் மே. அதையே சொன்னார்.

கேமரா படத்தைப் போட்டுக் காட்டினார். மூன்று நாளும் காலை ஆறு பத்துக்கு மச்சான் வாளியோடு வருகிறார். வண்டியின் முன்பக்க மூடியைத் தூக்குகிறார். குனிகிறார். பனியில் கை என்ன செய்கிறது என்று தெரியவில்லை.

"உங்க சொந்தக்காரர்தானே? நீங்களே கேட்டுச் சொல்லுங்க. இல்லைன்னா நான் வேற மாதிரி கேட்க வேண்டியிருக்கும்" என்றார் மே.

டீக்கடையில் கேட்டேன். மச்சான் பன்னை நனைத்துக்கொண்டே சொன்னார்: "ரேடியேட்டர்ல தண்ணி பாத்துட்டு கண்ணாடி கழுவறேன். பதினோரு வருசமா அதான பண்ணிகினு கீறேன். இன்னா இப்ப புச்சா கேக்கற?"

ஒன்றுமில்லை என்றேன். அவர் நம்பினார். அவர் அப்படித்தான்.

திரும்பி வரும் வழியில் எனக்கு ஒரு யோசனை. எட்டாம் வண்டியில் தண்ணீர் மூடியும் ஆயில் மூடியும் ஒரு சாண் இடைவெளியில் இருக்கின்றன. வயது ஐம்பத்து நான்கு, பனி, அரை வெளிச்சம். மாற்றி ஊற்றியிருக்கலாம். வேண்டுமென்று செய்தார் என்பதைவிடத் தெரியாமல் செய்தார் என்பது நல்லதில்லையா? வேலை போகாது. இப்படி நினைத்துத்தான் மே.யிடம் போய்ச் சொன்னேன். "அவருக்குக் கண் கொஞ்சம் சரியில்லை சார். மாத்தி ஊத்தியிருப்பார்."

எனக்குத் தெரிந்து அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை. சும்மா சொன்னேன். காப்பாற்றுவதாக நினைப்பு.

மே. பேனாவைக் கீழே வைத்தார். "கண் சரியில்லாதவர் கையிலயா இத்தனை நாளா வண்டியைக் கொடுத்திருக்கீங்க?"

இதை நான் யோசிக்கவே இல்லை. மரமண்டை.


டிசம்பர் 20, சனி

மச்சானிடம் சாவியை வாங்கிவிட்டார்கள். இருபத்தேழாம் தேதி கண் டெஸ்ட். அதுவரை வண்டி தொடக் கூடாது. டெஸ்டில் தேறாவிட்டால் அத்தோடு சரி.

கேட் பக்கத்தில் எனக்காக நின்றிருந்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனுக்கு கண்ணு தெரிலன்னு நீயா மாப்ள சொன்ன?"

"உங்க மேல பழி வரக்கூடாதுன்னுதான் மச்சான்."

"யாரு சொன்னாங்க உனுக்கு? எஸ்தர் இன்னா சொன்னா?"

எஸ்தர் அவர் மனைவி. அந்தக்கா எதற்கு இதில் வருகிறார் என்று புரியவில்லை. யாரும் சொல்லவில்லை என்றேன். என்னையே பார்த்தார். பிறகு ஆரம்பாக்கம் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

வீட்டில் ஸ்டெல்லா பேசினது ஒரே ஒரு வாக்கியம்: "கிறிஸ்துமஸுக்கு எங்க அண்ணன் மூஞ்சில எப்டி முழிப்ப?"


டிசம்பர் 21, ஞாயிறு

கோவில். பிரசங்கம் காதில் ஏறவில்லை. கண்ணை மூடினால் ஆயில் மூடி.


டிசம்பர் 22, திங்கள்

எட்டை இப்போது குணா ஓட்டுகிறான். சனிக்கிழமையிலிருந்து. வாளி கிடையாது, முன்மூடியைத் தூக்குவதும் கிடையாது, நானே காவல் நின்றேன்.

வெள்ளிக்கிழமை துடைத்து வைத்த ஆயில் மூடியை இன்று மதியம் திறந்தேன். வெள்ளை.

அங்கேயே வீல் மேல் உட்கார்ந்துவிட்டேன். மச்சான் ஊற்றவில்லை. யாருமே ஊற்றவில்லை. ஒரு பக்கம் நிம்மதி, இன்னொரு பக்கம் அவமானம். இரண்டையும் ஒரே நேரத்தில் எங்கே வைப்பது?

குணா சாப்பாட்டுப் பையைத் தேடிக்கொண்டே சொன்னான்: "சார், இந்த வண்டி சூடே ஏற மாட்டுது. மத்த வண்டில காலாண்ட கதகதன்னு இருக்கும். இதுல வெரலு வெறச்சிப் போவுது."

டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்தேன். அடியில் படுத்திருந்தது. நான்கு மாதமாக அப்படித்தான் படுத்திருக்கிறது. 'பரவாயில்லை, கொதிக்காத வண்டி' என்று நானே சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

ரிஜிஸ்டரை எடுத்தேன். மே மாதம். 'வண்டி 8, கவரைப்பேட்டை அருகே கொதித்து நின்றது. தெர்மோஸ்டாட் வால்வு கழற்றப்பட்டது.' கீழே கையெழுத்து. என்னுடையது.

வெயில் காலத்தில் இங்கே எல்லா யார்டிலும் செய்வதுதான். வால்வைக் கழற்றிவிட்டால் தண்ணீர் தங்காமல் சுற்றும், என்ஜின் கொதிக்காது. மழைக்கு முன்பு திரும்ப மாட்ட வேண்டும். மாட்டவில்லை. அப்போது வண்டி விஜயவாடா ஓடிக்கொண்டிருந்தது, ஓடுகிற ஓட்டத்தில் எப்படியும் சூடாகிவிடும். செப்டம்பரில் இருந்து தேர்வாய் கண்டிகை கம்பெனிக்கும் குடோனுக்கும் மூன்று கி.மீ. ஓட்டம். போனதும் என்ஜினை அணைத்துவிட வேண்டும், டீசல் மிச்சம். அந்த உத்தரவும் என்னுடையதுதான்.

என்ஜின் சூடானால் உள்ளே வேர்க்கிற ஈரம் ஆவியாகிப் போகும். சூடாகவே விடாமல் வைத்திருந்தால் எங்கே போகும்? பனியில் மூடிக்கு அடியில் போய் ஆயிலோடு குழம்பி வெண்ணெயாகிறது. அவ்வளவுதான். ஹெட்டும் இல்லை கேஸ்கெட்டும் இல்லை. நான்தான்.


டிசம்பர் 23, செவ்வாய்

ஜமால் பாய் அரை மணி நேரத்தில் புது வால்வு மாட்டினார். ஹெட்டை இறக்கணும் என்று சொன்னதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நானே ஊத்துக்கோட்டை வரை ஓட்டிக்கொண்டு போனேன். முள் மெல்ல எழுந்து நடுவில் நின்றது. சந்தை கூட்டம், ஷேர் ஆட்டோக்கள், நடுவில் வண்டியை ஓரம் கட்டி மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று ஆவி. வாழைப்பழம் விற்கிற அம்மா "இன்னா நைனா, லாரில இட்லி வேவுதா" என்றார். சிரித்தேன். ஒரு வாரத்துக்கு அப்புறம் சிரித்தேன். யார்டுக்குத் திரும்பிப் பார்க்கையில் மூடி சுத்தம்.

மே.யிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். வால்வு, ஓட்டம், என் கையெழுத்து. கடைசியில் ஒரு வரி: 'திரு. சாலமன் அவர்களின் பார்வை குறித்து நான் சொன்னது தவறு.'

மே. கத்துவார் என்று நினைத்தேன். கத்தினார். பிறகு, "அப்ப கண் டெஸ்ட் தேவையில்லை. இருபத்தாறு காலையில அவர்கிட்ட சாவியைக் கொடுத்துடுங்க" என்றார்.

ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். இன்று தோசை.


டிசம்பர் 25, வியாழன்

மதியம் ஆரம்பாக்கம். மச்சான் வீடு. எஸ்தர் அக்கா பிரியாணி, கேக், முறுக்கு. மச்சான் என்னைக் கட்டிப் பிடித்தார். மன்னிப்பு கேட்க வாய் திறந்தேன், "துன்னு மாப்ள முதல்ல" என்று தட்டை நீட்டினார்.

சாப்பிட்டதும் சோடா வாங்க இரண்டு பேரும் நடந்தோம். நல்ல வெயில், பனியின் சுவடே இல்லை. ரோட்டைக் கடக்கும்போது வலது பக்கமிருந்து ஒரு பைக். சத்தம் போடாத பேட்டரி வண்டி. மச்சான் பாட்டுக்குக் காலை எடுத்து வைக்கிறார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். காலர் கிழிந்தது, புதுச் சட்டை. பைக்காரன் திட்டிவிட்டுப் போனான்.

மச்சானுக்கு அந்த வண்டி வந்ததே தெரியவில்லை. போன பிறகுதான் தலையைத் திருப்பினார்.

சோடாக் கடை பெஞ்சில் உட்கார்ந்து அவராகவே சொன்னார். "வலது கண்ணு ஒரு வருசமா மூட்டமா கீது. இப்ப இடதும். அதான் விஜயவாடா லைன் வேணாம்ன்னு உன்னாண்ட கேட்டேன். இந்த மூணு கிலோமீட்டரு எனுக்கு மனப்பாடம் மாப்ள. எங்க பள்ளம், எங்க திருப்பம், எல்லாம்."

"டாக்டரைப் பார்த்தீங்களா?"

"ஆபரேசன்றாங்க. ரெண்டு கண்ணும் சரியாவ மூணு மாசம் ஒக்காரணும். அதுக்குள்ள வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துட மாட்டாங்களா? எஸ்தருக்கு மட்டும்தான் தெரியும். நீ அன்னிக்கு சொன்னப்ப, தெரிஞ்சிகினுதான் சொல்றியோன்னு பயந்துட்டேன்." சோடாவைக் குடித்து முடித்தார். "அப்பால நீயே தப்புன்னு எழுதிக் குடுத்துட்ட. நல்லாப் போச்சு."

நல்லாப் போச்சா? நான் சொன்ன பொய் உண்மை. நான் எழுதிக் கொடுத்த உண்மை பொய். தலை சுற்றுகிறது. கம்பெனி வாசலில் ஷிப்டு விடும்போது எத்தனை சைக்கிள், எத்தனை பெண்கள் நடந்து போவார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை. திரும்பும்போது ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறாள்.


டிசம்பர் 26, வெள்ளி

பனி அதிகம். ஆறு மணிக்கே மச்சான் வந்துவிட்டார். சாவிக்குக் கையை நீட்டினார்.

கொடுக்க முடியவில்லை. முகத்துக்கு நேரே சொல்லவும் முடியவில்லை. "எட்டுல மறுபடியும் வெள்ளை வந்திருக்கு மச்சான், இன்னிக்கு வண்டி எடுக்க வேணாம்" என்றேன்.

நேராக வண்டிக்குப் போனார். முன்மூடியைத் தூக்கினார். தடவாமல், தேடாமல் சரியாக ஆயில் மூடியில் கை வைத்துத் திருகினார். அடியில் கட்டைவிரலை ஒரு சுற்று ஓட்டி, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார்.

"சுத்தமா கீது மாப்ள" என்றார்.

மூடியைத் திரும்ப இறுக்கினார். துணியில் கையைத் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். "ஷிப்டு உடற நேரத்துல எனுக்கும் பயம்தான். வா, மேனேஜராண்ட நீயே சொல்லு. என் வாயில வராது" என்றார்.

மே. ஒன்பது மணிக்குத்தான் வருவார். என்ன சொல்வது, எங்கே ஆரம்பிப்பது, மூன்று மாதம் கழித்து வண்டியைத் திருப்பிக் கொடு என்று எந்த வாயால் கேட்பது? ஆபீஸ் வாசல் படியில் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறோம். கை சும்மா இருக்க மாட்டாமல் இதை எழுதுகிறேன். மச்சான் பக்கத்தில்தான், முழங்கை படுகிற தூரம். இன்னா எழுதற என்று கேட்டார். ஆயில் விஷயம் என்றேன். நோட்டின் மேல் குனிந்து, மச்சான் மச்சான் என்றே நிறைந்திருக்கும் இந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சரி எழுது என்று சொல்லிவிட்டு நிமிர்ந்துகொண்டார்.