மணியடித்ததும் எழுந்துவிட்டேன், அண்ணா

என் உயிருக்கு உயிரான அருள் அண்ணாவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க முடியாது. அங்கே மூச்சு வாங்காமல் நடக்கிறாயா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கடைசி வருஷம் சாம்பியன் ரீப்ஸ் மேட்டில் ஏறும்போது நாலு அடிக்கு ஒரு தடவை நின்று, வேடிக்கை பார்ப்பதுபோல நடிப்பாயே, அது என் கண்ணை விட்டுப் போகவே இல்லை. தங்கச் சுரங்கத்துத் தூசி உன்னைக் கொண்டுபோனது. நீ போன கொஞ்ச காலத்தில் சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள்.

இப்போது சங்கு ஊதுவதில்லை. ஷிப்டு இல்லாத ஊரில் எப்போது எழுவது, எப்போது படுப்பது என்று யாருக்கும் பிடிபடவில்லை. நான் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூர் போய், ஒரு குடோனில் மூட்டை தூக்கிவிட்டுத் திரும்புகிறேன். ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள். அலுப்பாக இருக்கிறது அண்ணா, வேறென்ன சொல்ல?

ஒரு சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். உன் வகுப்பு நிஜமாகவே நடந்தது.

டிவியில் வந்த அந்தச் சிரிப்புத் தொடர் ஞாபகம் இருக்கிறதா? ஒரு வாத்தியாரும், எத்தனை தடவை எழுதினாலும் தேறாத பையன்களும். அதைப் பார்த்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு நம் கோயில் ஹாலில் அதே மாதிரி ஒன்று போடலாம் என்று கிளம்பினாய். எட்டாவதோடு நின்ற நீ வாத்தியார். மீசை வைத்த நாங்கள் மூன்று பேரும் அரை டிராயர் போட்ட மாணவர்கள். உன் ஷிப்டு ஆள் அந்தோணி வாயாடி, பக்கத்து வீட்டு முனிரத்தினம் தூங்குமூஞ்சி, நான் எந்நேரமும் மணிக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பவன்.

மணி அடித்தால் போதும், கேள்வி பாதியில் இருந்தாலும், சுரங்கத்திலிருந்து ஆளை மேலே ஏற்றும் கேஜைப் பிடிக்க ஓடுவதுபோல ஓடுவேன். சுரங்கத்துக்குள் கீழே லெவலில் நிற்கும்போது கேஜ் மணியைத் தவறவிட்டால், அடுத்த தடவை அது இறங்கி வரும்வரை இருட்டில் காத்துக் கிடக்க வேண்டும் என்பது ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அதனால்தான் வருஷா வருஷம் அதே ஓட்டத்துக்கு அப்படிச் சிரித்தார்கள். நீ பின்னாலேயே வந்து சட்டையைப் பிடித்து இழுப்பாய். "பெல் அடிச்சா இன்னாடா? உக்காரு. இன்னும் ஒரு கேள்வி கீது" என்பாய்.

அந்தக் கடைசிக் கேள்வி அந்தோணிக்கு. தங்கம் ஏன் துருப்பிடிப்பதில்லை என்று கேட்பாய். "அது எங்க சார் நம்ம கையில நிக்குது, துருப்புடிக்க?" என்பான். ஹாலே அதிரும். நீ அதோடு விட மாட்டாய். சிரிப்பு அடங்கும்வரை நின்று, தங்கம் காற்றோடும் ஈரத்தோடும் சேராது என்று சரியான பதிலையும் சொல்லிவிட்டுத்தான் திரையை இழுக்க விடுவாய். அது எதற்கு என்று நாங்கள் முணுமுணுத்தால், முன்வரிசையில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பாய்.

அந்த முன்வரிசையில் இருந்த உன் மகள் ஸ்டெல்லா இப்போது காலேஜில் படிக்கிறாள். சுரங்கம் நிற்கப்போகிறது என்று தெரிந்ததுமே, எங்கள் மூன்று பேரையும் பத்தாவதுக்குப் பணம் கட்ட வைத்தவள் அவள்தான். பெங்களூரில் ஒரு கம்பெனி வாசலில் காவல் வேலை இருந்தது. மூட்டை தூக்க வேண்டாம், மாதம் பிறந்தால் சம்பளம், ஆனால் பத்தாவது பாஸ் ஆகியிருக்க வேண்டும். அதே கோயில் ஹாலில், அதே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். முதல் நாள் அந்தோணி பழைய வசனத்தை எடுத்துவிட்டான். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. இது நாடகம் இல்லை சித்தப்பா என்றாள்.

அறிவியல் பரீட்சை அன்றைக்கு என்ன ஆயிற்று என்று எனக்கே விளங்கவில்லை. நன்றாகத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். முடிய அரை மணி இருக்கிறது என்று எச்சரிக்கை மணி அடித்தார்கள். நான் எழுந்து பேப்பரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். கேட்டருகே வந்த பிறகுதான் பின்னால் யாருமே வரவில்லை என்று தெரிந்தது. திரும்பி ஓடினேன், உள்ளே விடவில்லை. அவர்கள் பேரில் தப்பும் இல்லை.

அலுப்பா, பயமா, இத்தனை வருஷம் காலில் ஏறிப்போன பழக்கமா? நீ இருந்திருந்தால் சொல்லியிருப்பாய்.

அந்தோணியும் முனிரத்தினமும் பாஸ். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு என் ரயிலிலேயே வருகிறார்கள், எனக்கும் இடம் பிடித்து வைக்கிறார்கள். நான் வேறு பெட்டியில் ஏறிக்கொள்கிறேன். அறிவியலில் மட்டும் எனக்குப் பாஸாகச் சொற்ப மார்க் குறைந்துவிட்டது. ஸ்டெல்லா கேள்வித்தாளை வாங்கி, நான் புரட்டாத கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். தங்கம் ஏன் துருப்பிடிப்பதில்லை என்று கேட்டிருந்தார்கள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை அண்ணா.

மறுபரீட்சை வேண்டாம், இந்த வயதில் இது போதும் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். நேற்று ஞாயிறு. பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு, ஹாலில் பெஞ்சை இழுத்துப் போட்டுவிட்டு நின்றாள். நான் வாசலிலேயே நின்றேன்.

"அப்பா இருந்தா சட்டையப் புடிச்சி இழுத்திருப்பாரு. நான் எப்டி சித்தப்பா இழுக்கறது? நீங்களே வந்து உக்காருங்க" என்றாள்.

போய் உட்கார்ந்தேன். அழுகை வந்தது, அவள் பார்க்காததுபோல சாக்பீஸ் தேடினாள். உன்னை மாதிரியே வேடிக்கை பார்ப்பதுபோல நடிக்கிறாள் அண்ணா.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்தத் தடவை எத்தனை மணி அடித்தாலும், பேப்பரை என் கையிலிருந்து பிடுங்கும்வரை எழுந்திருக்க மாட்டேன். சட்டையைப் பிடிக்க நீ வர வேண்டியதில்லை, நிம்மதியாக மூச்சு விடு.

இன்னும் உன் வகுப்பில்தான் இருக்கும்,
உன் கூடப்பிறந்த தம்பி
பாக்கியம்