பறியைக் கடித்த வாய்

பிப்ரவரி 2, 1974. சனி. மீஞ்சூர்

காலையில் ஒரே பனி. ஆயில் பெயிண்ட் காயவே மாட்டேன் என்கிறது. வெள்ளையில் விரல் வைத்தால் ஒட்டுகிறது. சனியன்.

திங்கட்கிழமை மெட்ராஸில் படம் கொடுக்கக் கடைசி நாள். பெண் ஓவியர்கள் மட்டும் சேர்ந்து நடத்தும் கண்காட்சி. ஆளுக்கு ஒரே படம். தேர்வாகாவிட்டால் ஆயுளுக்கும் மாம்பழம் வரையச் சொல்லிக்கொடுக்கும் டிராயிங் டீச்சர்தான் நான்.

கைவசம் இரண்டு. ‘தாயும் சேயும்’ காய்ந்து தயார். ‘சுப்பம்மா’ ஈரம். கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்த சார், பெண்கள் கையில் தாயும் சேயும்தான் எடுபடும், அதையே கொடு என்றார். அதிலிருந்து அந்தப் படத்தைப் பார்த்தாலே எரிச்சல்.

பிப்ரவரி 3, ஞாயிறு

டர்பன்டைன் தீர்ந்தது. மிளகாய் அரைக்கக் கொடுக்க வேண்டும்.

சுப்பம்மா இறால் கொண்டுவந்தாள். பழவேற்காடு ஏரியில் குனிந்து, சேற்றைத் துழாவி, கையாலேயே இறால் பிடிப்பவள். இரண்டு கையும் சேற்றில். அதனால் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டே நகர்வாள், பிடித்ததை அதில் போடுவாள். தண்ணீரில் நிற்கும் வரை பேச்சே கிடையாது. போன வருஷம் இதை முதலில் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பூ வேண்டாம், குத்துவிளக்கு வேண்டாம். ஒரு பெண்ணின் தாடை, கழுத்து நரம்பு, கடித்துக்கொண்டிருக்கும் வாய். வரைய வேண்டியது இதுதான்!

நைனாவுக்குக் கவலை, பெற்றவராயிற்றே. “ஈரத்தோட எப்டி எத்துனு போவ? பேஜாரு. கொழந்த படத்தயே குடுத்துட்டு வா.”

மாட்டேன். சுப்பம்மாதான்.

பிப்ரவரி 4, திங்கள்

லீவு. பாசஞ்சரில் மீன்காரப் பெண்கள் ஏறும் பெட்டி. துணைக்குச் சுப்பம்மா. யார் மேலும் படாமல் படத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். எண்ணூர் தாண்டியதும் ஜன்னல் வழியாக எஞ்சின் கரி. சுப்பம்மா பதறிப்போய், பக்கத்துக் கூடையை மூடியிருந்த சாக்கை உருவிப் படத்தின் மேல் போட்டாள். கரி படவில்லை. சாக்கை எடுத்தால் படத்து முகமெல்லாம் மீன் செதில்! ஈர ஆயிலில் நன்றாகப் பிடித்துக்கொண்டது.

அழுகை வந்துவிட்டது. மெட்ராஸில் இறங்கி, கண்காட்சி ஹால் வாசலில் உட்கார்ந்து ஊசியால் ஒவ்வொன்றாகப் பெயர்க்க ஆரம்பித்தேன். சுப்பம்மா தப்பு செய்தவள் மாதிரி நின்றாள். பிறகு குனிந்து படத்தைப் பார்த்தாள்.

“எடுக்கணுமா டீச்சர்? மீன் வித்துட்டு ஊட்டுக்குப் போவசொல்ல என் மூஞ்சி இப்டித்தான் இருக்கும்.”

நிமிர்ந்து பார்த்தேன். அவள் கன்னத்திலும் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. ஊசியைப் பையில் போட்டேன். அப்படியே கொடுத்தேன். படங்களை வாங்கிவைக்கும் அம்மாள் இதை எப்படிச் செய்தாய் என்று கேட்க, ரயில், சாக்கு, கரி என்று என்னமோ உளறினேன்.

பிப்ரவரி 6, புதன்

ஐந்தாம் வகுப்பு நடுவில் பியூன் வந்து கூப்பிட்டார். ஹெட்மாஸ்டர் ரூமில் போன். தேர்வு! தேர்வு! அவர் எதிரிலேயே குதித்துவிட்டேன். மனுஷர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 9, சனி

திறப்பு விழா. தலை கிறுகிறுக்கிறது. ஒருத்தி கொடியில் காயும் உள்பாவாடைகளை மட்டும் போட்டிருக்கிறாள். ஒருத்தி தன் வயிற்று ஆபரேஷன் தழும்பை. இன்னொருத்தி சமையலறை ஜன்னலை, நாலு பருவத்திலும். அவரவர் அன்றாடம் பார்ப்பது. ஒரு தாய், ஒரு சேய்கூட இல்லை. இத்தனை நாள் இவர்கள் எல்லாரும் எங்கே இருந்தார்கள்?

சுப்பம்மா புதுப்புடவையில் வந்தாள். படத்துக்கு முன்னால் நின்றாள், நின்றாள்.

“நல்லாத்தான் கீது டீச்சர். எம்மாம் நேரம்தான் கடிச்சிக்கினே இருப்பா? பறிய உடச் சொல்லு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பல் அத்தனையும் தெரிய, ஹாலே திரும்பிப் பார்க்க, நிறுத்தாமல். இப்படி ஒரு வாயை நான் பார்த்ததே இல்லை. வீடு வரும்வரை பொறுக்கவில்லை. ரயிலிலேயே, அழைப்பிதழின் பின்பக்கம், பென்சிலில், திறந்த வாய்.