ஆல்பத்தில் இருந்த குதிரை

மார்ச் 6, புதன். துன்ஹா.

குளிர். விடுதியில் கொடுத்த மூன்று கம்பளியும் போதவில்லை. கொலம்பியாவில் இப்படி ஒரு குளிர் இருக்கும் என்று எங்கள் தீவில் யாரும் சொல்லவில்லை.

நாங்கள் தத்தெடுக்கப்போகும் பெண் எங்களிடம் வந்து இரண்டு நாள் ஆகிறது. பெயர் யெய்மி. வயது ஏழரை. அந்த அரையை விட்டுவிட்டால் திருத்துகிறாள்.

முதல் நாள் குழந்தைகள் நல அலுவலகத்தில் பார்த்ததும் கேட்டாள்: "உங்கள அப்பான்னு கூப்பிடச் சொல்லியிருக்காங்க. கூப்பிடவா?" கூப்பிடு என்றேன். அன்றிலிருந்து கூப்பிடுகிறாள், தபால்காரரைக் கூப்பிடுவதுபோல. என் மனைவி அவில்டாவை அம்மா என்கிறாள், அதே குரலில். காலையில் எங்களுக்கு முன்பே எழுந்து போர்வையை மடித்து வைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் கைகட்டி நிற்கிறாள். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கிறாள்.

"விருந்தாளி மாதிரியே நடந்துக்கிறா," என்றாள் அவில்டா. "அதுவும் ரொம்ப நல்ல விருந்தாளி. அதான் பயமா இருக்கு."

மார்ச் 7

டிசம்பரில் நாங்கள் அனுப்பிய ஆல்பத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எங்கு போனாலும் எடுத்து வருகிறாள். எங்கள் வீடு, ஊர், மனிதர்கள், மொத்தம் பன்னிரண்டு படங்கள். கண்ணால் பார்த்துச் சரி என்று பட்டால் அந்தப் படத்தின் கீழே பென்சிலால் ஒரு டிக். இதுவரை இரண்டு: நான், அவில்டா. என் விஷயத்தில் அவசரப்படவில்லை. படத்தை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, என் தாடையை இடப்பக்கம் திருப்பி, பிறகுதான் போட்டாள்.

ஏழாவது படத்தில், எங்கள் வாசல் கேட்டுக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டு ஒரு சிவப்புக் குதிரை. கீழே என் கையெழுத்து: "இது நம் குதிரை கனேலா. உனக்காகக் காத்திருக்கிறாள்."

எங்களிடம் குதிரையே கிடையாது.

மார்ச் 9, சனி

ஏன் எழுதினேன்?

எங்கள் தீவான வியேக்கஸில் குதிரைகள் அவிழ்த்துவிட்டபடி திரியும். ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரன் உண்டு. ஆனால் மாங்காய்த் தோலுக்காகத் தினமும் எந்த வாசலுக்கு வருகிறதோ அந்த வீட்டுக்காரர்கள் "நம்ம குதிரை" என்பார்கள். கேட்பவர்களும் அதைச் சொத்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தப் பழக்கத்தில் பேனா ஓடிவிட்டது. முப்பது வருடம் பத்திரிகையில் ஒரு படத்துக்குக்கூடத் தப்பான குறிப்பு எழுதியதில்லை. போயும் போயும் இதில்.

இன்னும் மோசம், அது எங்கள் பக்கத்தில் இருக்கும் கிரிஸ்பினின் குதிரை. அவர் குதிரைகள் சாலைத் திருப்பங்களில் படுத்துக்கிடக்கின்றன என்று இரண்டு வருடம் முன்பு பெயரோடும் படத்தோடும் எழுதியவன் நான். அதன் பிறகு பேச்சு இல்லை. ரொட்டிக்கடையில் என்னைப் பார்த்தால் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்.

மார்ச் 12

குழந்தைகள் நல அதிகாரி மார்லேனி தன் அறைக்கு அழைத்திருந்தார். வெள்ளிக்கிழமை யெய்மியைத் தனியாக உட்காரவைத்து, எங்களோடு வரச் சம்மதமா என்று கேட்பார்களாம். அவள் சொல்வதை அப்படியே எழுதி நீதிபதிக்கு அனுப்புவார்கள். அவள் வேண்டாம் என்றால் அதோடு முடிந்தது.

"முன்னாடி ஒரு தடவை இவளுக்கு ஆல்பம் வந்தது," என்றார். "ரெண்டு மாடி, நீச்சல் குளம். அந்த ஆளுங்க கடைசி நேரத்துல வரல. அதுலேர்ந்து எதையும் கண்ணால பார்க்காம நம்ப மாட்டா. உங்க ஆல்பத்துல தப்பா எதுவும் இல்லையே, சார்?"

அவில்டா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"இல்லைங்க," என்றேன். பொய் எண் இரண்டு.

மார்ச் 13

கிரிஸ்பினுக்குப் போன் போட்டேன். வேறு வழி?

"நான் நெஸ்டர் பேசறேன் அண்ணே."

அந்தப் பக்கம் ஒரு சேவல் கூவியது.

"எந்த நெஸ்டர்? பேப்பர்ல எழுதுற நெஸ்டரா?"

எல்லாவற்றையும் சொன்னேன்.

"இரு, இரு. இது கிரிஸ்பின் குதிரைன்னு படம் போட்டு ஊருக்கே சொன்னது யாரு?"

"நான்தான்."

"இப்ப உன் குதிரைன்னு எழுதி வெச்சிருக்கிறது?"

"அதுவும் நான்தான்."

மனைவியைக் கூப்பிட்டார். போனை அவள் காதருகில் வைத்து, முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். இரண்டு பேரும் சிரித்து ஓயட்டும் என்று காத்திருந்தேன். பிறகு, குதிரையை எனக்கு விற்பாரா என்று கேட்டேன்.

"வக்கீலம்மாவையா? விக்கிற பேச்சே கிடையாது."

"யாரு?"

"அதான் அது பேரு. எதச் சொன்னாலும் எதிர்த்து நிக்கும்." கொஞ்சம் யோசித்தார். "ஒன்னு பண்றேன். நீங்க படகுல வந்து இறங்குற அன்னிக்குத் துறையில கொண்டாந்து நிறுத்துறேன். உன்னுதுன்னே சொல்றேன். அந்தப் பொண்ணுக்காக. உனக்காக இல்ல, தெரிஞ்சுக்கோ."

பிரச்சினை தீர்ந்தது என்றாள் அவில்டா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மார்ச் 14

மதியச் சாப்பாட்டில் யெய்மி கேட்டாள்: "கனேலா உதைக்குமா?"

"உதைக்காது."

"நீங்க ஏறியிருக்கீங்களா? ராத்திரி எங்க கட்டுவீங்க? என்ன தின்னும்?"

எத்தனை பொய்க்குத் தீனி போடுவது? நாளைக்கு இவள் அந்த அறைக்குள் போய்ச் சம்மதம் என்பாள். எதை நம்பி? குதிரையை நம்பி. அது சம்மதமா? டேய் நெஸ்டர், என்னடா பண்ணிட்டு இருக்கே—

சொல்லிவிட்டேன். "யெய்மி, அந்தக் குதிரை நம்மளுது இல்ல. பக்கத்துல கிரிஸ்பின்னு ஒருத்தர், அவரோடது. அதுக்குப் பேரும் கனேலா இல்ல. நான் எழுதினது பொய்."

அழுவாள் என்று நினைத்தேன். கரண்டியை வைத்தாள். பையிலிருந்து ஆல்பத்தை எடுத்து மேஜைமேல் விரித்தாள்.

"வேற எது பொய்?"

மூன்று பேரும் படம் படமாகப் பார்த்தோம். சோஃபா: அவில்டாவின் அக்கா வீட்டது, ஒரு நாளைக்கு வாங்கி வந்தது. என் முடி: சாயம். கடல்: நிஜம். மஞ்சள் அறை: நிஜம், ஆனால் கதவு மூடாது.

"ஏன் மூடாது?"

"மழையில மரம் ஊறிப்போச்சு."

"அத ஏன் எழுதல?"

எந்த ஆசிரியரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. பொய் என்றவற்றின் கீழே சின்னதாகப் பெருக்கல் குறி போட்டாள். பிறகு தூங்கப் போவதாகச் சொல்லி ஆல்பத்தோடு கட்டிலுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மாலையில் அவள் தட்டோடு எங்கள் தட்டுகளையும் கழுவி வைத்தாள்.

"நாளைக்குச் சாயங்காலம் சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் அவில்டா. கோபமே இல்லாமல். அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 15

நாற்பது நிமிடம் மரப்பலகையில் உட்கார்ந்திருந்தோம். அவில்டா மூன்று காபி வாங்கினாள், எதையும் குடிக்கவில்லை. மார்லேனி வெளியே வந்து, நின்றபடியே தாளைப் படித்தார்.

"கேள்வி: இவங்களோட போகச் சம்மதமா? பதில்: குதிரை இவங்களுது இல்ல. சோஃபா இரவல். கதவு மூடாது. கேட்டதும் எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. போறேன்."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இப்படி ஒரு சம்மதத்த நான் டைப் அடிச்சதே இல்ல. அது சரி, தப்பா எதுவும் இல்லன்னு சொன்னீங்களே, சார்?"

பார்ப்பதற்குக் காலண்டர்கூட இல்லை, அது உள்ளே இருந்தது.

ஏப்ரல் 5

நீதிபதி கையெழுத்துப் போட்டுவிட்டார். அவில்டா பேருந்து நிறுத்தத்தில் நின்று அழுதாள். யெய்மி அவளுக்குக் குடை பிடித்தாள்.

ஏப்ரல் 23, செவ்வாய். சான் ஹுவான்.

போகோட்டா, பனாமா, சான் ஹுவான். விமானத்தில் கொடுத்த சின்ன உப்புப் பொட்டலத்தைக்கூட "இத எடுத்துக்கலாமா?" என்று பணிப்பெண்ணிடம் கேட்டுவிட்டுத்தான் பையில் போட்டாள்.

குடியேற்றச் சோதனையில் அதிகாரி குனிந்து கேட்டார். "இவரு யாரு பாப்பா?"

"அப்பா. முடிக்குச் சாயம் அடிப்பாரு. மத்ததெல்லாம் நெஜம்."

அதிகாரி என் தலையைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், முத்திரை குத்தினார்.

வெளியே அனல். துன்ஹாவிலிருந்து போட்டு வந்த கம்பளிப் போர்வையைக் கழற்ற மாட்டேன் என்கிறாள்.

"கழட்டுனா இது எங்க போகும்?"

"பெட்டிக்குள்ள."

"பெட்டி எங்க போகும்?"

"நம்ம வீட்டுக்கு."

யோசித்தாள். "போட்டுக்கிட்டே வரேன்."

ஏப்ரல் 24

முதல் படகு ரத்து. இரண்டாவது இரண்டரை மணி நேரம் தாமதம். வழக்கம்போல. யெய்மி கரையில் நின்று விரலைக் கடலில் விட்டு, நக்கிப் பார்த்து, டிக் போட்டாள்.

வியேக்கஸ் துறையில் இறங்கும்போதுதான் ஞாபகம் வந்தது: கிரிஸ்பினுக்கு நான் எதையும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு, தலைவாரிக்கொண்டு, குதிரையைப் பிடித்தபடி நிற்கிறார்.

"வாம்மா, வா. இதோ பாரு, உங்க அப்பாவோட குதிரை. எனக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பேரு வந்து..." என்னைப் பார்த்தார். "பேரு என்னடா?"

"வக்கீலம்மா," என்றாள் யெய்மி. "உங்க குதிரைதானே. அப்பா எல்லாம் சொல்லிட்டாரு."

கிரிஸ்பின் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார்.

"ஒரு வாரமா கண்ணாடி முன்னாடி நின்னு பழகினேன்டா இத. ஒரு போன் போட்டுச் சொல்ல மாட்டியா?"

அவில்டா பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள், சிரிப்புத் தாங்காமல். யெய்மி அவரிடம் அனுமதி கேட்டுக் குதிரையின் கழுத்தைத் தொட்டாள். பிறகு ஆல்பத்தை எடுத்து, நான் எழுதியதை ரப்பரால் முடிந்த மட்டும் அழித்து, மேலே எழுதினாள்: "கிரிஸ்பின் ஐயாவின் வக்கீலம்மா." டிக்.

மே 11

பன்னிரண்டு படங்களும் சரிபார்த்தாயிற்று. பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறதாம். காலையில் கிரிஸ்பினோடு குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போகிறாள். அவரை மாமா என்கிறாள், ஆசையாக.

ஆனால் ஃப்ரிட்ஜைத் திறக்க இன்னும் எங்களிடம் அனுமதி கேட்கிறாள். ஒரு நாள்கூட அடம் இல்லை, ஒரு பொருளும் இடம் மாறவில்லை. அவில்டா சொல்கிறாள், பொறு என்று. பொறுக்கிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

காலையில் அவில்டாவின் நீலப் பூச்சாடியைக் காணோம். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஏழு துண்டுகளாகக் கிடைத்தது.

"யாரு உடைச்சது?"

யெய்மி என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். "வக்கீலம்மா."

"குதிரையா? வீட்டுக்குள்ளயா?"

"ம். சமையலறை வழியா வந்துச்சு."

"எப்ப?"

"நீங்க பல்லு தேய்ச்சிட்டு இருந்தப்ப."

"உடைச்சிட்டு?"

"பயந்துபோய் ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி தள்ளிட்டுப் போயிடுச்சு. வேணும்னா கிரிஸ்பின் மாமாவக் கேளுங்க."

அவில்டா வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். நான் உண்மையாகவே போன் போட்டேன். கேள்வியைக்கூட முடிக்கவில்லை.

"ஆமா, ஆமா. அதுதான் உடைச்சிருக்கும்," என்றார் கிரிஸ்பின். "பூச்சாடின்னா அதுக்கு ஆகவே ஆகாது."

போனை வைத்துவிட்டுத் திட்டினேன். பொய் சொல்லக்கூடாது என்பதில் ஆரம்பித்து, பத்து நிமிடம், ஒரு அப்பா திட்டவேண்டிய விதத்தில். யெய்மி சுவரில் சாய்ந்து ஒற்றைக் காலில் நின்றுகொண்டு கேட்டாள். நடுவில் ஒரு தடவை கொட்டாவி விட்டாள்.